டச்சு அவனும் சவுக்குக் கரியும்: கடலூர்க் காற்றில் செய்து பார்த்தவரை

மூன்று குட்டைக் கால், கனமான அடி, கங்கு சரியாமல் இருக்க ஓரம் உயர்த்திய தட்டை மூடி. டச்சு அவன் என்கிற வார்ப்பிரும்புச் சட்டி இவ்வளவுதான். தம் போடத் தெரிந்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி கரிக் கணக்கு. வெளிநாட்டுக் கணக்கு கடலூர்ப் பக்கம் சரிப்படாமல் போவது அங்கேதான்.

அந்தக் கணக்கு இது: சட்டியின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து இரட்டித்து, அத்தனை கரிக்கட்டி. அதில் மூன்றில் இரண்டு பங்கு மூடி மேல், ஒரு பங்கு அடியில். உள்ளே சுமார் 175 டிகிரி செல்சியஸ் வரும். ஆனால் இது ஒரே அளவில் அச்சில் அழுத்திய கட்டிகளுக்கு. நம்மிடம் மூட்டையில் வருவது சவுக்குக் கரி. ஒன்று விரல் பருமன், ஒன்று மணிக்கட்டுப் பருமன். அச்சுக் கட்டியைவிடச் சூடு அதிகம், சீக்கிரம் சாம்பலாகும். எண்ணுவதை விட்டு எடை பார்ப்பதே சரி. 10 அங்குலச் சட்டிக்கு, கட்டைவிரல் அளவுக்கு உடைத்த கரி மூடிக்கு 300 கிராம், அடிக்கு 150 கிராம். அரை மணிக்குள் மூடிக் கங்கு பாதியாகிவிடும். இருபதாவது நிமிடமே அடுத்த கரியைத் தனியாக மூட்டி வைத்திருக்க வேண்டும். பச்சைக் கரியை மூடி மேல் போட்டால் அது பற்றும்வரை மேல்சூடு இறங்கிவிடும், மேல்பக்கம் சிவக்காது.

கரி மூட்ட, அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட பழைய டின் போதும். கீழே ஒரு பிடி சவுக்கு மிலார், மேலே கரி. மேல் கரி சாம்பல் பூக்கும்வரை பொறுக்கவும். துத்தநாகம் பூசிய வாளியை இதற்கு எடுக்கக் கூடாது, சூட்டில் வரும் புகை நஞ்சு. பண்ருட்டிப் பக்கம் சும்மா கிடைக்கிறதே என்று முந்திரி ஓட்டையும் எரிக்க வேண்டாம். அதிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், புகை கண்ணையும் தொண்டையையும் பிடிக்கும். கொட்டாங்குச்சிக் கரி நல்லது, ஆனால் சூடு கடுமை. அடிக்கு வைக்காமல் மூடிக்கு மட்டும். (1830-களில் பரங்கிப்பேட்டையில் மரக்கரி கொண்டே இரும்பு உருக்கினார்கள். வார்ப்பிரும்பும் கரியும் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல.)

காற்றுதான் பெரிய தொல்லை. முற்பகல் தாண்டிக் கடல்காற்று எடுத்ததும், அது படுகிற பக்கத்துக் கங்கு மட்டும் கனகனவென்று எரியும். ரொட்டி ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வெளுத்து வருவது அதனால். மூன்று பக்கம் இரும்புத் தகடு நிறுத்தவும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சட்டியைக் கால் வட்டம் ஒரு திசையிலும், மூடியைக் கால் வட்டம் எதிர்த் திசையிலும் திருப்பவும். காலை ஒன்பதுக்குள் முடித்துவிட்டால் பாதி வேலை மிச்சம். மணலில் நேராகக் கங்கு பரப்பினால் கால் புதைந்து காற்று போகாமல் அணையும். கீழே ஒரு தகடோ நாலு செங்கல்லோ வேண்டும்.

ரொட்டிக்கு மைதா 400 கிராம், தண்ணீர் 260 மில்லி, உப்பு 8 கிராம், உலர் ஈஸ்ட் 3 கிராம். நம் வெயிலுக்கு ஈஸ்ட் அதற்கு மேல் போனால் மாவு பொங்கிப் புளித்துவிடும். மூடியை மட்டும் பத்து நிமிடம் முன்சூடு காட்டி, சட்டிக்குள் சிறு கம்பி ஸ்டாண்டு, அதன்மேல் தட்டில் மாவு. 35 முதல் 40 நிமிடம். முதல் 20 நிமிடம் மூடியைத் திறக்கவே கூடாது.

சீரகச் சம்பா பிரியாணிக்குக் கணக்கு தலைகீழ். அரை கிலோ அரிசி, முக்கால் கிலோ கோழி. மசாலா வதங்கி, கோழி வெந்து, உலை கொதிக்கும்வரை கங்கு முழுவதும் அடியில். அரை மணி ஊறிய அரிசி ஒரு கப்புக்கு ஒன்றரைக் கப் தண்ணீர், கோழி விட்ட நீரும் அதில் சேர்த்தி. அரிசியும் தண்ணீரும் சம மட்டத்துக்கு வந்ததும் அடியில் நாலைந்து துண்டு மட்டும் விட்டு, மற்றதை இடுக்கியால் மூடிக்கு ஏற்றவும். பன்னிரண்டு நிமிடம் கழித்து அடிக் கங்கை முழுக்க இழுத்துவிடலாம். கனத்த இரும்பு பிடித்து வைத்திருக்கும் சூடே மீதி தம்முக்குப் போதும். அப்போதும் அடியில் கங்கை விட்டு வைப்பதால்தான் அடிபிடிக்கிறது.

கேஸ் கேன் அடுப்பு இதற்குத் துணை மட்டும்: டீ, தாளிப்பு, முட்டை. கேனில் உள்ள பியூட்டேன் வாயு பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழேயே ஆவியாகும், ஆகவே மலைக்குளிருக்கான கலவை கேன் இங்கே தண்டச் செலவு. நமக்கு ஆபத்து எதிர்ப்பக்கம். கேன் அறையின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அகலப் பாத்திரம், அடுப்பைச் சுற்றி மூடிய காற்று மறைப்பு, வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த கேன், மூன்றுமே கேனைச் சூடாக்கி வெடிக்க வைக்கும். கால் வைத்த சட்டியை அந்த அடுப்பில் ஏற்றவே வேண்டாம், நிற்காது.

முடிந்ததும் கங்கில் தண்ணீர் ஊற்றிக் கிளறி மறுபடி ஊற்றவும். மணல் போட்டு மூடினால் உள்ளே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், சவுக்குத் தோப்பில் காய்ந்த சருகு வேறு. சூடான சட்டியில் மட்டும் தண்ணீர் படக் கூடாது, விரிசல் விடும். கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காய வைத்து, எண்ணெயைத் தடவித் துணியால் துடைத்தே எடுத்துவிடவும். தடிமனாக விட்டால் பிசுபிசுக்கும். உப்புக் காற்றில் ஒரே இரவில் துரு பூக்கும் என்பதால், மூடிக்கும் சட்டிக்கும் நடுவே மடித்த காகிதம் வைத்துக் காற்று போக விடவும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு முறை திறந்து பார்க்கவும். புளி ஊற்றிய மீன்குழம்பு இதில் வேண்டாம், எண்ணெய் தடவித் தடவிப் பழக்கிய பூச்சைத் தின்றுவிடும். அது மண்சட்டியிலேயே இருக்கட்டும்.