அப்பாவின் நீர்க்கட்டியும் குமிழி மருந்து ஸ்கேனும்

போன ஆடியில் அப்பாவுக்குச் சிறுநீர் சரியாகப் பிரியவில்லை என்று கும்பகோணத்தில் ஒரு ஸ்கேன் எடுத்தோம். பிராஸ்டேட்டைப் பார்க்கப் போன இடத்தில், இடது சிறுநீரகத்தின் கீழ்முனையில் 3.8 செ.மீ. நீர்க்கட்டி ஒன்று தென்பட்டது. வயதானவர்களுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி இருப்பது சாதாரணம்தான். உள்ளே தெளிந்த நீர் மட்டும் இருந்தால் அப்படியே விட்டுவிடுவார்கள். அப்பாவுடையது அப்படி இல்லை. நடுவே ஒரு தடுப்பு, அடியில் சதை போல ஒரு திட்டு. 'புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளவும்' என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். உட்காரவைத்து ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. அன்று இரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை.

கான்ட்ராஸ்ட், அதாவது ரத்தம் ஓடும் இடம் படத்தில் பளிச்சென்று தெரிய ஊசியில் ஏற்றும் அயோடின் மருந்து, போட்டு சி.டி. எடுங்கள் என்றார் உள்ளூர் டாக்டர். அங்கேதான் சிக்கல். அப்பாவுக்கு இருபத்திரண்டு வருடச் சர்க்கரை. வயது 67. சிறுநீரகம் கெடக் கெட ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் 2.6, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் 26. அது 30-க்குக் கீழே போனவர்களுக்கு அயோடின் மருந்து கொடுக்க ரொம்பவே யோசிப்பார்கள். ஏற்கெனவே தள்ளாடும் சிறுநீரகம் இன்னும் கெட்டுவிடலாம். மருந்தில்லாமல் சி.டி. எடுத்தாலோ, தெரிய வேண்டியது தெரியாது. அந்தத் திட்டுக்குள் ரத்தம் ஓடுகிறதா, இல்லையா? எங்கள் கேள்வி அது ஒன்றுதான். ஓடினால் அது உயிருள்ள திசு, பயப்பட வேண்டும். ஓடவில்லை என்றால் பழைய ரத்தக்கட்டியோ கசடோதான்.

முதல் ஸ்கேனிலேயே ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் முறையிலும் பார்த்திருந்தார்கள். "டாப்ளரில் ரத்த ஓட்டம் இல்லை என்று போட்டிருக்கிறதே?" என்று சென்னையில் பார்த்த சிறுநீரக மருத்துவரிடம் கேட்டேன். மயிரிழை போன்ற குழாய்களில் மெதுவாக ஓடும் ரத்தம் டாப்ளருக்குப் பிடிபடாது, அதை நம்பி விட முடியாது என்றார். அவர்தான் கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொன்னார். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

இந்த அல்ட்ராசவுண்டுக்கு ஏற்றும் மருந்து வாயுக் குமிழிகள்தான். சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு என்ற வாயு, சுற்றிலும் மெல்லிய கொழுப்பு உறை. ஒரு குமிழி இரண்டு மூன்று மைக்ரான்தான், சிவப்பணுவைவிடச் சின்னது. ரத்தக்குழாயை விட்டு வெளியே கசியாது. ஆகவே குமிழி தெரிகிற இடத்தில் ரத்தம் இருக்கிறது என்று அர்த்தம். எனக்குப் பெரிய நிம்மதி தந்தது வேறொன்று: இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதே இல்லை. வாயு மூச்சோடு போய்விடும், உறையைக் கல்லீரல் பார்த்துக்கொள்ளும். கிரியாட்டினின் எவ்வளவு இருந்தாலும் கொடுக்கலாம். கதிர்வீச்சும் கிடையாது.

குமிழி மருந்தை எல்லா ஸ்கேன் சென்டரிலும் வைத்திருப்பதில்லை. போனில் கேட்டு, நாள் குறித்துக்கொண்டு போனோம். இதய நோய், நுரையீரல் அழுத்தம், மருந்து ஒவ்வாமை பற்றியெல்லாம் கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். ஒவ்வாமை மிக அரிது, ஆனாலும் அவசர மருந்துகள் பக்கத்திலேயே இருந்தன. முழங்கை மடிப்பில் ஊசிக்குழாய் போட்டார்கள். பொடி மருந்தில் சலைன் விட்டுக் குலுக்கியதும் பால் போல ஆனது. அதில் ஒன்றரை மில்லி ஏற்றி, பின்னாலேயே சலைன் தள்ளினார்கள்.

திரை இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு பாதியில் வழக்கமான சாம்பல் படம், மறுபாதி கும்மிருட்டு. சுமார் பன்னிரண்டு விநாடி. இருட்டில் முதலில் பெரிய ரத்தக்குழாய் மின்னியது, அப்புறம் சிறுநீரகத்தின் வெளிப்புறம் முழுக்கச் சட்டென்று ஒளிர்ந்தது, கார்த்திகை தீபத்தன்று தெரு ஒளிர்வது மாதிரி. உள்பகுதி கொஞ்சம் நிதானமாக நிறைந்தது. "ஐயா, மூச்சை மெதுவா விடுங்க, ஆழமா இழுக்காதீங்க" என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பாவுக்குக் காது மந்தம். அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுக்க, கட்டி படத்தை விட்டு நழுவிவிட்டது. முக்கியமான முதல் நிமிடம் வீண். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரம்மா பதறவில்லை. சில நிமிடம் காத்திருந்து, மிச்சக் குமிழிகளை மெஷினாலேயே உடைத்துவிட்டு, இன்னொரு தடவை மருந்து ஏற்றினார். இந்த முறை நான் அப்பா காதருகே நின்று மூச்சுக்கு மூச்சு சொன்னேன்.

சுற்றிலும் வெளிச்சம், நடுவில் கட்டி மட்டும் கறுப்பாக நின்றது. தடுப்பில் குமிழிகள் எறும்பு வரிசை போல ஒவ்வொன்றாகப் போயின. அடியில் இருந்த அந்தத் திட்டில் ஒன்றுகூட இல்லை. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், கண் இமைக்காமல் பார்த்தேன். இருட்டாகவே இருந்தது.

அரை மணி நேரம் உட்காரவைத்து அனுப்பினார்கள். "அந்தக் காத்தை மூச்சுலயே விட்டுட்டேனாப்பா?" என்று அப்பா வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.

ரிப்போர்ட்டில் போஸ்னியாக் 2எஃப் என்று வந்தது. மார்ட்டன் போஸ்னியாக் என்ற அமெரிக்க மருத்துவர் 1986-ல் சி.டி. படங்களுக்காக வகுத்த தரவரிசை இது. இப்போது குமிழி ஸ்கேனுக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். 1, 2 என்றால் கவலை வேண்டாம், 3 என்றால் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி புற்றாக இருக்கும், 4 என்றால் பெரும்பாலும் புற்றுதான். 2எஃப் என்றால் தொடர்ந்து கவனிக்க வேண்டும். அப்பாவுக்குத் தடுப்பு 3 மி.மீ. தடித்திருந்தது, ரத்தம் ஓடும் முண்டு முடிச்சு இல்லை, அதனால் அந்த வரிசை. திட்டு வெறும் பழைய ரத்தக்கட்டியாக இருக்கலாம் என்றார்கள்.

இதற்கும் எல்லை உண்டு என்பதை டாக்டர் மறைக்கவில்லை. குடலில் வாயு நிறைய இருந்தாலோ, உடம்பு பருமனாக இருந்தாலோ படம் தெளியாது. ஒரு தடவை மருந்து ஏற்றினால் ஒரு கட்டியைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். அந்தத் திட்டு ஒளிர்ந்திருந்தால், நோய் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்தே ஆகவேண்டும்.

"அந்தக் கிட்னியையே எடுத்துடுங்க" என்று போனில் சொன்ன உறவினர்களும் உண்டு. மிச்சமிருக்கும் சக்தியில் பாதியை அவசரப்பட்டு இழந்திருந்தால் அப்பா இன்று டயாலிசிஸில் இருந்திருக்கலாம். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

ஆறாவது மாத ஸ்கேன் தை கடைசியில் எடுத்தோம். அதே 3.8 செ.மீ., திட்டு அதே இருட்டு. கிரியாட்டினின் 2.7. அடுத்தது ஆடியில், அப்புறம் ஐந்து வருடம் ஆகும்வரை வருடத்துக்கு ஒன்று. பழைய படங்களை எல்லாம் ஒரே ஃபைலில் போட்டு அப்பாவின் அலமாரியில் வைத்திருக்கிறேன்.