ஆயாவுக்காக விரலால் படிக்கிற வாழ்த்து அட்டை

எங்க ஆயாவுக்கு ஆடிக் கிருத்திகைதான் பிறந்தநாள். சரியான தேதி யாருக்கும் தெரியாது, திருத்தணிக்குக் காவடி கிளம்பின அன்னிக்குப் பிறந்ததாக அவங்க அம்மா சொன்னதை வைத்துத்தான் கொண்டாடுகிறோம். சர்க்கரையால் கண் பார்வை ரொம்பக் குறைந்துவிட்டது. ஆனாலும் கொசப்பேட்டை வீட்டு வாசலில் தினமும் கோலம் அவங்க கைதான், புள்ளிக்குப் புள்ளி விரல் அளந்து வைத்துப் போட்டுவிடுவாங்க. அதனால் இந்த வருஷம் வாழ்த்து அட்டையைத் தொட்டுப் பார்த்தே படிக்கிற மாதிரி செய்யலாம் என்று உட்கார்ந்தேன்.

லாங்கு பஜாரில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமான அட்டை வாங்கினேன், ஏ4 அளவு, நடுவில் மடித்தால் ஏ5. முன்பக்கம் ஆயா போடுகிற ஏழு புள்ளிக் கோலம், ஊடுபுள்ளி, அதாவது நடு வரிசையில் ஏழு, மேலேயும் கீழேயும் வரிசைக்கு ஒன்று குறைத்துப் புள்ளிகளுக்கு இடையில் வைப்பது, நான்கில் முடியும், மொத்தம் 37 புள்ளி. உள்ளே பெரிய எழுத்தில் 'ஆயா', கீழே என் பெயர். அவ்வளவு போதும்.

அட்டையைக் குப்புறப் போட்டு, அடியில் நாலாக மடித்த டர்க்கி டவல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தினால் மறுபக்கம் கோடு மேடாக வரும். முதலில் பள்ளிக்கூட சார்ட் தாளில் செய்து பார்த்தேன், இரண்டாவது கோட்டிலேயே கிழிந்துவிட்டது. 300 ஜிஎஸ்எம் தாங்குகிறது. ஆனால் ஒரே அழுத்தாக அழுத்தக் கூடாது, லேசாக நாலு தடவை அதே கோட்டில் போகணும்.

கோலம் அழகாக எழும்பி வந்தது. எழுத்துதான் கவிழ்த்துவிட்டது, திருப்பிப் பார்த்தால் எல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாக இருந்தது. கோலம் இரண்டு பக்கமும் ஒன்று போலவே இருப்பதால் பின்னாலிருந்து அழுத்துகிறோம் என்பதே அதுவரை எனக்கு உறைக்கவில்லை. பிரெயில் எழுத்தைச் சட்டம் வைத்துக் கையால் குத்தும்போது வலமிருந்து இடமாகக் குத்துவதும் இதே காரணத்துக்காகத்தான். மறு அட்டைக்கு, வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி, ஜன்னல் கண்ணாடியில் திருப்பி ஒட்டி, பின்னால் தெரிகிற வடிவத்தை அப்படியே பிரதி எடுத்துக்கொண்டேன். சரியாக வந்தது.

அப்புறம் செய்த தப்பு இன்னும் பெரியது. மடிப்பு நன்றாகப் படியட்டும் என்று அட்டையை ராத்திரி முழுக்கப் புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிட்டேன். காலையில் விரல் வைத்தால் கோலம் பாதி அமுங்கியிருந்தது. அழுகை வராத குறை. மறுபடி மூன்றாவது அட்டை. இந்த முறை முதலில் மடித்தேன், பிறகுதான் அழுத்தினேன். அட்டைக்கும் மரம் மாதிரி ஒரு வாட்டம் உண்டு, லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த வாட்டத்தில் மடித்தால் மடிப்பு வெடிக்காது. பின்பக்கக் குழியில் கொஞ்சம் கொஞ்சமாக ஃபெவிகால் நிரப்பி, ஃபேனுக்கு அடியில் காயவிட்டேன். ஒரேயடியாக ஊற்றினால் ஈரத்தில் அட்டை நெளிந்துவிடும். காய்ந்ததும் கோடு கல்லாக நின்றது. பின்பக்கத்தை மறைக்க மெல்லிய தாள் ஒன்று ஒட்டினேன்.

கிருத்திகை அன்று காலை கையில் கொடுத்தேன். ஆயா எழுத்துப் பக்கமே போகவில்லை. மடியில் வைத்து, ஆள்காட்டி விரலை மேல் வரிசையிலிருந்து மெதுவாக ஓட்டி, உதடு அசைய எண்ணிக்கொண்டே வந்தாங்க. ஐந்தாவது வரிசையில் விரல் நின்றது, பின்னால் போனது, திரும்ப வந்தது.

"இங்க ஒரு புள்ளி காணோமே கண்ணு."

எண்ணிப் பார்த்தேன். 36தான் இருந்தது. பின்னால் தாள் ஒட்டிவிட்டதால் அழுத்த வழியில்லை, ஆயா விரலால் காட்டின இடத்தில் முன்பக்கமாகவே ஒரு சொட்டு ஃபெவிகால் வைத்தேன். சாயந்திரம் காய்ந்ததும் தடவிப் பார்த்தாங்க.

"இது மட்டும் வழவழன்னு இருக்கு. இது நான் வச்ச புள்ளி."