லாப்ரடோரைட்: ஒரே கல்லிலிருந்து ஐந்து மோதிரம்

கிருஷ்ணகிரிப் பக்கம் கல் அறுப்பது யாருக்கும் புதிதல்ல. பர்கூர், சூளகிரி வழியாகப் போனால் கிரானைட் பிளாக்குகள் சாலையோரத்திலேயே அடுக்கிக் கிடக்கும். அதனால் ‘கட்டர் இருக்கு, பேட் இருக்கு, மோதிரக்கல்தானே’ என்று, திருப்பிப் பார்த்தால் நீலமாக மின்னும் லாப்ரடோரைட்டில் இறங்குகிறவர்கள் உண்டு. கிரானைட்டில் பிளேடு கொஞ்சம் சாய்ந்தால் பெரிய நஷ்டமில்லை. லாப்ரடோரைட்டில் சாய்ந்தால் நீலம் போய்ச் சாம்பல் நிறத் துண்டுதான் மிஞ்சும். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு வீட்டுக்கு ஐந்து மோதிரக் கற்களை ஒரே கல்லிலிருந்து எடுத்த முறையை அளவுகளோடு இங்கே எழுதுகிறோம்.

முதலில், அந்த நீலம் எங்கிருந்து வருகிறது என்பது புரிய வேண்டும். அது சாயமல்ல. லாப்ரடோரைட் ஃபெல்ட்ஸ்பார் வகைக் கனிமம். பூமிக்குள் மெல்ல மெல்ல ஆறும்போது அது உள்ளுக்குள்ளேயே இரண்டு கலவைகளாகப் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளாக அடுக்கி நிற்கிறது. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளிதான் நாம் பார்க்கும் ஃப்ளாஷ். அடுக்கு மெல்லியதாக இருந்தால் நீலம். தடிக்கத் தடிக்கப் பச்சை, மஞ்சள், செம்பு நிறம். தகடுகள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருப்பதால் அந்தத் திசையில் பார்த்தால் மட்டும்தான் கல் எரியும், அதாவது ஒளிரும். கல் பார்ப்பது, அறுப்பது, தீட்டுவது எல்லாமே இந்த ஒரு திசையைக் காப்பாற்றத்தான்.

நாங்கள் எடுத்தது 250 கிராம் மடகாஸ்கர் கல், ஒரு வெல்ல அச்சு அளவு. நம் ஊர் ஃபேக்டரிகளில் கிடைக்கும் ‘ப்ளூ பேர்ல்’ துண்டை லாப்ரடோரைட் என்று நினைத்து மோதிரத்துக்கு எடுக்க வேண்டாம். அது நார்வேயிலிருந்து வரும் லார்விகைட். அதுவும் மின்னும்தான், ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு படிக மணியும் ஒவ்வொரு பக்கம் பார்த்து மின்னும். கிச்சன் மேடைக்கு அது அழகு. 12 மி.மீ. கல்லாக வெட்டினால் பாதி நீலமும் பாதி சாம்பலுமாக நிற்கும்.

வாங்கும்போதே கல்லைத் தண்ணீரில் நனைத்துத் துணியால் துடைத்துவிட்டுக் கவனியுங்கள். மேற்பரப்பு சீக்கிரம் உலர்ந்துவிடும். விரிசல் இருக்கும் இடத்தில் மட்டும் தலைமுடி மாதிரி ஒரு கறுத்த கோடு அரை நிமிடமாவது ஈரமாகவே நிற்கும். அந்தக் கோட்டை மார்க்கர் பேனாவால் வரைந்துவிட வேண்டும். இந்தக் கல்லுக்கு ஏறக்குறைய செங்குத்தாகச் சந்திக்கும் இரண்டு பிளவுத் திசைகள் உண்டு. கோடு அதில் ஒன்றோடு போனால் சக்கரத்திலோ, அதற்குத் தப்பினால் மோதிரத்தில் பதிக்கும் ஆசாரி கையிலோ கட்டாயம் உடையும்.

திசை கண்டுபிடிக்க அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து, கல்லை நனைத்து மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒளியும் கண்ணும் ஒரே இடத்தில் இருப்பதால், தகடுகள் நேராக முகம் பார்க்கும் கணத்தில் கல் முழுவதும் ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும். ஓரமாக நீலம் ஓடுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். முழுப்பரப்பும் ஒன்றாக எரிந்து, ஒரு நூல் திருப்பினால் ஒன்றாக அணைய வேண்டும். அந்த நிலையில் பார்வைக்கு நேர் குறுக்கே கல்லைச் சுற்றிக் கோடு போடுங்கள். அதுதான் அறுக்கும் கோடு. மார்க்கர் மை அறுக்கும்போது தண்ணீரில் அழிந்துவிடும். அலுமினியக் கம்பியைக் கூராக்கிக் கிழித்தால் அழியாது.

ஏற்கெனவே ஸ்லாப்பாக, அதாவது அறுத்த பலகையாக வாங்கியவர்களுக்கு ஒரு கணக்கு. தட்டையான முகத்தை 15 டிகிரி சாய்த்தால்தான் எரிகிறது என்றால், சாணையில் 15 டிகிரி எடுக்கக் கூடாது. கல்லுக்குள் நுழையும்போது ஒளி வளைகிறது. இந்தக் கல்லின் ஒளிவிலகல் எண் சுமார் 1.56. அதனால் உண்மையான சாய்வு 10 டிகிரிக்குள்தான் இருக்கும். பார்த்த கோணத்தில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் போதும். அந்த 10 டிகிரியும் 14 மி.மீ. நீளத்தில் ஒரு ஓரத்தில் 2.5 மி.மீ. தின்றுவிடும். 4 மி.மீ. ஸ்லாப்பில் அதற்கு இடமே கிடையாது. எங்கள் ஸ்லாப் 6 மி.மீ. தடிமன் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

அறுப்பதில் சொல்ல அதிகமில்லை. 6 அங்குல டைமண்ட் பிளேடு, நிறையத் தண்ணீர், கையில் அழுத்தம் கூடாது. கடைசி 3 மி.மீ.யில் இன்னும் மெதுவாகத் தள்ளுங்கள், இல்லையென்றால் ஓரம் பிய்ந்துவிடும். வெட்டுவாய் ஏறக்குறைய 1 மி.மீ. போகும்.

ஸ்லாப்பில் அச்சு வைத்து அப்பாவுக்கு 14×10, அம்மாவுக்கும் பாட்டிக்கும் 12×10, பிள்ளைகளுக்கு 8×6 மி.மீ. என்று ஓவல்களை வரைந்தோம். ஐந்திலும் நீளவாக்கு ஒரே திசை. ஒவ்வொரு துண்டின் அடியிலும் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. ஒரு துண்டை 180 டிகிரி திருப்பிப் பதித்துவிட்டால், கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது நான்கு நீலமாக இருக்கும், ஒன்று மட்டும் செத்துக் கிடக்கும். குடும்ப மோதிரத்தில் அது உறுத்தும்.

பிடிக்க மரக்குச்சியும் அரக்கும் போதும். கல்லை நேரடியாகத் தீயில் காட்டக் கூடாது. தோசைக்கல் ஓரத்தில் வைத்து, விரலால் தொட்டால் சுடும் அளவுக்கு ஏறியதும் ஒட்ட வேண்டும். சூடு ஆகவே வேண்டாம் என்றால் சூப்பர் குளூ வைத்து ஒட்டி, முடிந்ததும் அசிட்டோனில் ஊறப்போட்டு எடுக்கலாம். எங்களுக்கு இரண்டாவது முறைதான் நிம்மதி.

சாணையை 80-ம் நம்பரில் தொடங்காதீர்கள் (நம்பர் ஏற ஏறத் தேய்க்கும் துகள் நுண்ணியதாகும்). மோஸ் அளவுகோலில் கல்லின் கடினம் 6 முதல் 6.5 வரைதான், 80 போட்டால் ஓரத்தில் சில்லு சில்லாகப் பெயரும். 220-ல் உருவம், பிறகு 600, 1200, 3000. உருவத்தில் முக்கியம் குமிழின், அதாவது மேல்பக்க வளைவின் உயரம். 12×10 கல்லுக்கு மொத்த உயரம் 4 மி.மீ. வைத்தோம். ஓரச்சுவர் 1 மி.மீ., மீதி தாழ்ந்த குமிழ். குமிழை உயர்த்தினால் வளைவில் எல்லா இடமும் ஒரே கோணத்தில் கண்ணைப் பார்க்காது, ஃப்ளாஷ் நடுவில் ஒரு நாமம் மாதிரி சுருங்கிவிடும். அடிப்பக்க ஓரத்தையும் 45 டிகிரியில் அரை மி.மீ. மழுக்க வேண்டும். கூராக விட்டால் பதிக்கும்போது அங்கேதான் உடைகிறது.

கிரானைட் பாலிஷ் போடுகிறவர்களுக்குத் தெரிந்த சட்டம் இங்கேயும் செல்லும்: முந்தைய நம்பரின் கோடு போகாமல் அடுத்த நம்பருக்குப் போகக் கூடாது. இங்கே ஏமாற்றுவது ஈரம். ஈரக்கல் எப்போதுமே பளபளப்பாகத் தெரியும். ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் கல்லைத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, 10 மடங்கு லென்ஸில் விளக்குக்குச் சாய்த்துப் பார்க்க வேண்டும். 600-ல் ஒரு திசையில் தேய்த்தால் 1200-ல் அதற்குக் குறுக்கே தேயுங்கள். பழைய கோடு மட்டும் தனியாகக் காட்டிக்கொடுக்கும். பாலிஷில் நின்று ‘ஏன் ஏறவில்லை’ என்று மணிக்கணக்கில் தேய்ப்பவர்களின் கல்லில் பெரும்பாலும் 220-ன் கோடுதான் இருக்கும். திரும்பிப் போய் 600-ஐ முழுதாக முடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. நம்பர் மாற்றும்போது கை, குச்சி, நகக்கண் மூன்றையும் கழுவ வேண்டும்.

கடைசி பாலிஷுக்குச் சீரியம் ஆக்சைடு. கண்ணாடிக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் வைத்திருக்கும் அதே பொடிதான். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன், மோர்ப் பதம். தோல் ஒட்டிய தட்டில் தடவி, ஈரம் காயக் காயத் தெளிக்க வேண்டும். தோல் சற்றே காயும் தறுவாயில் கல்லை இழுப்பது மாதிரி கையில் தெரியும். அங்கேதான் பளபளப்பு ஏறும், விரிசலும் அங்கேதான் விடும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை கல்லை உதட்டில் வைத்துப் பாருங்கள். சுட்டால் நிறுத்த வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். உலர்ந்தால் கல்லில் வெள்ளைத் திட்டு விழும், அதைக் கோடு என்று நினைத்து மறுபடி தேய்க்கத் தோன்றும். கடைசி இரண்டு கட்டத்துக்கு ஆர்.ஓ. தண்ணீர் அல்லது மழைத்தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

உலர்வாகத் தேய்ப்பது எந்தக் கட்டத்திலும் கூடாது. கல்தூசி நுரையீரலில் தங்கும். தண்ணீர் இருந்தாலும் என்95 மாஸ்க் போடுங்கள். சேற்றுத் தண்ணீரைச் சிங்க்கில் கொட்டினால் குழாயில் இறுகிவிடும். பக்கெட்டில் தெளியவிட்டு, வண்டலைத் தனியாக அள்ளுங்கள்.

மோதிர அளவுக்கு, நம் ஊர் சைஸ் எண்ணோடு 40-ஐக் கூட்டினால் உள்சுற்றளவு கிட்டத்தட்ட மி.மீ.யில் வரும். சைஸ் 12 என்றால் 52 மி.மீ. பட்டை அகலமாக இருந்தால் ஒரு சைஸ் கூட்டுங்கள். கல்லைச் சுற்றும் வெள்ளித் தகடு 0.3 மி.மீ. தடிமன், 2.5 மி.மீ. உயரம். 12×10 ஓவலுக்கு நீளம் 35.5 மி.மீ. வரும்: கல்லின் சுற்றளவு 34.5, தகட்டின் தடிமனுக்கு இன்னொரு 1. வெங்காரம் தடவிப் பற்றவைக்கும் பொடி வைத்து ஊதும் வேலையெல்லாம் கல் உள்ளே போகும் முன்பே முடிந்திருக்க வேண்டும். கல் இருக்கும்போது தீ காட்டினால் போச்சு.

கல் உட்காரும் வெள்ளிக் கூட்டின் உள்மூலையில் ஒரு கடுகளவு பொடி உருகி நின்றாலும் கல் அதன்மேல் ஏறி உட்காரும். மேலே தகட்டை அழுத்தியதும் டக்கென்று பிளக்கும். நன்றாக இருந்த கல் ஆசாரியிடம் உடைந்தது என்றால் காரணம் அநேகமாக இதுதான். கல்லை வைத்து விரலால் நான்கு பக்கமும் அழுத்திப் பாருங்கள், ஆடினால் உள்ளே சுரண்ட வேண்டும். தகட்டை மடக்கும்போது ஒரு பக்கத்தை முழுதாக முடிக்காமல், மேல், கீழ், இடம், வலம் என்று எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையாலேயே தள்ளச் சொல்லுங்கள். சுத்தி வேண்டாம்.

அடித்தகட்டின் நடுவில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று கேட்டு வாங்குங்கள். தெருப்புழுதியில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் 7. பாத்திரம் தேய்க்கும் கையில் இருந்தால் சில வருடத்தில் இந்தக் கல் மங்கத்தான் செய்யும். சோப்புத் தண்ணீர் போதும். பாத்ரூம் ஆசிட் இந்தக் கல்லை அரிக்கும், நகைக்கடை அல்ட்ராசானிக் மெஷினில் போட்டால் பிளவு திறக்கும். மங்கிய பிறகு தகட்டைக் கொஞ்சம் நெகிழ்த்தி, அந்த ஓட்டை வழியாகத் தீக்குச்சியால் தள்ளினால் கல் வெளியே வந்துவிடும். 1200-ல் தொடங்கி 3000, பிறகு சீரியம். அம்புக்குறியை அடியில் அழிக்காமல் வைத்திருந்தால் பழைய திசையிலேயே திரும்ப வைக்கலாம்.