தமிழ்த் தகவல் தாள்: கொழும்பு ஆய்வுக் குறிப்புகள்

மார்ச் 3, 2025, திங்கள்

மருத்துவ ஆய்வொன்றில் சேரச் சம்மதம் கேட்கும்போது நோயாளிக்கு வாசித்துக் காட்டுவது தகவல் தாள். ஆய்வுக்கு அனுமதி தரும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவுக்குப் போகும் கோப்பில் கடைசியாகச் சேர்வது அதன் தமிழ் வடிவம். ஆங்கிலத்தில் எழுதி, சிங்களத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இரவோடிரவாகத் தமிழுக்கு மாற்றுகிறார்கள். வந்து சேர்வது இது: "எழுமாற்று ஒதுக்கீட்டின் அடிப்படையில் தாங்கள் கட்டுப்பாட்டுக் குழுவில் உள்ளடக்கப்படலாம்." புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் ஒருவர் இதைக் கேட்டு எதற்குத் தலையாட்டுகிறார்? "புது மருந்தா, இப்போது தரும் மருந்தா என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோலத் தீர்மானிப்போம், வைத்தியர் தெரிவுசெய்ய மாட்டார்" என்று எழுத என்ன தடை? 5 மில்லிலீற்றர் இரத்தம் என்றால் "ஒரு தேக்கரண்டி அளவு" என்றும் சேர்க்க வேண்டும்.

மூல ஆங்கிலத்தைப் பார்க்காத ஒருவர் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்க்க வேண்டும். மொழிபெயர்த்தவரே அதைச் செய்தால் தாளில் உள்ளதை விட்டு மனதில் உள்ளதை எழுதிவிடுவார். இப்படிப் பார்க்கும்போது அகப்படும் பிழை ஒன்று: "எந்நேரமும் விலகலாம்" என்று வரவேண்டிய இடத்தில் "விலக அனுமதிக்கப்படுவீர்கள்". விலகுவது அவருடைய உரிமை. இந்த வசனமோ அவரை அனுமதி கேட்க வைக்கிறது.

மார்ச் 5, புதன்

யார் கேட்பது? கிளினிக்கில் மருந்து எழுதும் வைத்தியரே சம்மதமும் கேட்டால், "டொக்டர் சொன்னாச் சரிதான்" என்பதுதான் பதில். அது மரியாதை, சம்மதம் என்று எண்ணக் கூடாது. சிகிச்சையில் பங்கில்லாத ஒருவர், வரிசைக்கு வெளியே, உட்காரவைத்துப் பேச வேண்டும். தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி அடுத்த கிளினிக் நாளில் கேட்பது இன்னும் நல்லது.

வாசித்து முடிந்ததும் "விளங்கிச்சா?" என்று கேட்டுப் பயனில்லை, எல்லோரும் ஓம் என்பார்கள். "நீங்கள் சேரமாட்டேன் என்றால் உங்கள் மருந்துக்கு என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். "தரமாட்டினம்" என்று பதில் வந்தால் அந்தப் பகுதியை முதலிலிருந்து சொல்ல வேண்டும். மூன்று நான்கு பேர் அதே பதிலைச் சொன்னால் பிழை தாளில்.

கைநாட்டு வைப்பவருக்குச் சாட்சி வேண்டும். சாட்சி ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. வாசிப்பு தொடங்கும்போதே அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் நடையில் போகிறவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது பரவலாக நடக்கிறது. அந்தச் சாட்சி எதையும் கேட்கவில்லையே.

மார்ச் 6, வியாழன்

பணம். பஸ் காசும் இழந்த அரைநாள் கூலியும் கொடுப்பது நியாயம். வாடகைக்குத் தவிக்கும் ஒருவர் ஆபத்தையே யோசிக்காமல் சேரும் அளவுக்குக் கொடுப்பது பிழை. இடையில் விலகினாலும் அதுவரை வந்த நாட்களுக்குரியதைக் கொடுத்துவிட வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

பெயரை நீக்கினால் போதாது. "54 வயது, வெள்ளவத்தை, தமிழ் ஆசிரியை, இரட்டைப் பிள்ளைகளின் தாய்" என்று அறிக்கையில் வந்தால் அந்த ஒழுங்கையே அவரை அடையாளம் காணும். வயதை 50–59 என்றும் இடத்தைக் கொழும்பு மாவட்டம் என்றும் விரித்து, பிள்ளைகள் விவரத்தை விட்டுவிடலாம். பெயரையும் ஆய்வில் அவருக்குக் கொடுத்த இலக்கத்தையும் இணைக்கும் பட்டியல் வேறு லாச்சியில், பூட்டுடன். நேர்காணல் ஒலிப்பதிவு சொந்தக் கைபேசியில் கிடப்பதும் வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் உடனே நிறுத்த வேண்டியவை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையாகவே வைத்திருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு பாடு என்பவர்களுக்குப் பதில் டஸ்கிகீ ஆய்வு. அமெரிக்காவில் 1932 முதல் 1972 வரை, சிபிலிசு நோயுள்ள 399 கறுப்பின ஆண்களிடம் "கெட்ட இரத்தம்" என்று மட்டுமே சொன்னார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க அழைத்த கடிதத்தில் இருந்தது "விசேட இலவச சிகிச்சை". பெனிசிலின் கிடைத்த பிறகும் கொடுக்கவில்லை. ஆய்வு ஒழுக்கநெறி பற்றிய 1979இன் அமெரிக்க பெல்மொண்ட் அறிக்கை அதற்குப் பிறகு வந்தது. அதன் மூன்று கொள்கைகள்: மனிதருக்கு மதிப்பு, நன்மை, நீதி. மருத்துவ ஆய்வுக்கான உலக மருத்துவச் சங்கத்தின் ஒழுக்கநெறிக் கோவையான 1964இன் ஹெல்சிங்கி பிரகடனம் 2024 திருத்தத்தில்தான் ஆய்வுக்குட்படுபவரைப் பங்குபற்றுநர் என்று அழைக்கத் தொடங்கியது.

அனுமதிக்குப் பின் தாளில் ஒரு வசனம் மாறினாலும் குழுவுக்குத் திரும்ப அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மொழி, பதிப்பு இலக்கம், திகதி. புதிய பதிப்பு வந்த அன்றே கிளினிக் மேசையிலுள்ள பழைய பிரதிகளை எண்ணித் திரும்பப் பெறுங்கள். சிங்களக் கட்டுக்கு அடியில் தமிழ்க் கட்டு ஒன்று தப்பிக் கிடக்கும்.