மஸ்டரில் ஏறிய பெயர்

பெங்களூர் சிவாஜிநகரில் பதினேழு வருஷம் போர்டு எழுதினேன். ஃப்ளெக்ஸ் வந்து அந்த வேலை போனபின் சுவர் வேலைக்கு மாறினேன். சாரம் கட்டுவது, பட்டி பார்ப்பது, நூல் பிடித்துக் கட்டம் போடுவது, ஆள் கணக்கு எழுதுவது எல்லாம் என் பொறுப்பு.

அல்சூர் பக்கம் ஒரு மேம்பாலத்தடிச் சுவரில் திருநங்கைகளின் முகங்களை வரையும் வேலை வந்தது. வரைய வந்தவர்களில் நால்வர் திருநங்கைகள். பெங்களூரில் இதற்கு வழி காட்டியது 2016-ல் பூர்ணிமா சுகுமார் தொடங்கிய அரவாணி ஆர்ட் ப்ராஜெக்ட். திருநங்கைகளை வரைவதோடு நிற்காமல் அவர்கள் கையிலேயே பிரஷைக் கொடுத்த குழு அது. 2024-ல் இத்தாலியில் நடந்த வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சியில் அவர்களுடைய சுவரோவியம் இடம்பெற்றது. எங்களுடையது சின்ன வேலை. 40 அடிச் சுவர், ஒன்பது நாள்.

முதல் நாள் காலை, ஆள் கணக்கு எழுதும் மஸ்டர் நோட்டை விரித்தேன். மற்ற மூவரும் "அம்மா" என்று கூப்பிடும் மூத்தவர், விழுப்புரம் பக்கத்துக்காரர், நோட்டைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றார்.

"பேர் எதுக்கு தம்பி?"

"கூலிக் கணக்குக்கும்மா."

"ஸ்டேஷன்லயும் இப்படித்தான் நோட்டை விரிப்பாங்க."

அது எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 2011-ல் கர்நாடக போலீஸ் சட்டத்தில் 36ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். போலீஸ் சந்தேகப்படும் திருநங்கைகளின் பெயரையும் இருப்பிடத்தையும் பதிவேட்டில் எழுதிவைக்கும் அதிகாரம் அதில் இருந்தது. வழக்குப் போட்ட பிறகுதான் அவர்களைக் குறித்த சொல் அதிலிருந்து நீங்கியது. 1871-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்திலும் இதே போன்ற பதிவேடு உண்டு.

"எந்தப் பேரை எழுதுவீங்க?" என்று கேட்டார்.

"நீங்க சொல்ற பேரை."

எழுதினேன். வேலை என்ற கட்டத்தில் 'பெயிண்டர்' என்று போட்டேன். அதை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

மூன்றாம் நாள் முகங்களுக்கு நிறம் கலக்கினோம். நான் கலக்கியது பழக்கத்தில் வந்த ரோஸ் கலந்த வெள்ளை. சாமி, தலைவர், புடவைக்கடைப் பெண் எல்லோருக்கும் நான் அடித்த நிறம் அதுதான். அம்மா டப்பாவை எட்டிப் பார்த்தார். "பகலெல்லாம் வெயில்ல கடை கடையா காசு கேக்கப் போற மூஞ்சி இந்தக் கலர்லயா இருக்கும்?" என்றார். காவி ஸ்டெயினரும் கறுப்பும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். அவர் முழங்கையில் ஒரு கோடு தடவி ஒப்பிட்டார். மூன்றாவது டப்பாவில்தான் சரியாக வந்தது. இத்தனை வருஷம் எத்தனை முகங்களை வெளுப்பாக்கியிருக்கிறேன் என்பதை நினைத்து அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

கடைசி நாள் சுவரின் ஓரத்தில் வரைந்தவர்கள் பெயர் எழுதினார்கள். எழுத்து என் தொழில்தான். ஆனால் அன்று நான் தொடவில்லை. பிரஷைப் பிடிக்கும் விதத்தை மட்டும் காட்டிக் கொடுத்தேன். அம்மா தமிழில் எழுதினார்.

கூலி வாங்குவதில்தான் சிக்கல். அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் மஸ்டரில் இருக்கும் பெயரும் வேறு என்று பணம் தரவேண்டிய அலுவலகம் தாளைத் திருப்பி அனுப்பியது. ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளலாம் என்று 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு அது போதவில்லை. மூன்று வாரம் அலைந்தோம். நான் இன்னும் அழுத்திப் பேசியிருக்க வேண்டும். கடைசியில் பழைய பெயரில் வவுச்சர் போட்டுக் கொடுத்தார்கள். அம்மா அதில் கையெழுத்துப் போட்டார்.

அங்கிருந்து நேராகச் சுவருக்கு வந்தார். யாரோ போஸ்டர் ஒட்டிக் கிழித்ததில் அவர் பெயரின் கடைசி எழுத்து உரிந்துபோயிருந்தது. என் பையில் மிச்சக் கறுப்பு இருந்தது. கேட்டு வாங்கி, தரையில் உட்கார்ந்து, அந்த எழுத்தை அவரே மறுபடி எழுதினார்.