பத்துப் பேரைத் தேடி: ஒரு டிஜே பட்டியலும் ஒரு ஜனவரியும்

2025 ஜனவரி 5, ஞாயிறு

காலையில் அக்கா மகளிடமிருந்து செய்தி. "மாமா, உங்க டாப் டென் டிஜே யாரு? ஃப்ரெண்ட்ஸோட ஒரே சண்டை. நீங்கதான் சீனியர், ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுங்க." சீனியராம். நாற்பது வயதைச் சொல்லிக்காட்ட இப்படி ஒரு நாசூக்கு.

டீ ஆறுவதற்குள் போட்டு அனுப்பிவிட்டேன். டியெஸ்டோ, அவிச்சி, டாஃப்ட் பங்க், டெட்மவுஸ், ஆர்மின், ஸ்க்ரில்லெக்ஸ், எரிக் பிரிட்ஸ், ஸ்வீடிஷ் ஹவுஸ் மாஃபியா, கார்ல் காக்ஸ், கடைசியில் அவள் மனம் நோகக்கூடாதென்று மார்ட்டின் காரிக்ஸ். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "மாமா, இதுல பாதிப் பேர் பாட்டு பண்றவங்க. நான் கேட்டது டிஜே."

இரண்டும் ஒன்றுதானே என்று அடிக்கப் போய், அடித்ததை அழித்தேன். ஒன்றில்லை. டிஜே என்பவர் இருக்கிற பாட்டுகளை இடைவெளியில்லாமல் கோத்துக் கூட்டத்தை ஆடவைக்கிறவர். சமையல் புத்தகம் எழுதுகிறவரும் பந்தியில் நின்று, இலையைப் பார்த்து, யாருக்கு இன்னும் ஒரு கரண்டி சாம்பார் வேண்டும் என்று கண்டுபிடிக்கிறவரும் வேறு வேறு ஆட்கள். சிலர் இரண்டும் செய்வார்கள், அது வேறு கதை.

பொங்கல் முடிந்ததும் தருவதாகச் சொல்லிவிட்டேன். எனக்கு நானே ஒரு விதியும் போட்டுக்கொண்டேன்: இரவுக்கு ஒருவர். ஒரு முழு செட், அதாவது அந்த டிஜே ஒரே மூச்சில் வாசிக்கிற முழு நிகழ்ச்சி, தள்ளித் தள்ளிக் கேட்கக்கூடாது, வீடியோ கூடாது. லேசரும் தீப்பொறியும் காதுக்குக் கேட்காது.

ஜனவரி 6, திங்கள்

முதலில் டியெஸ்டோ. என்னளவில் எல்லாம் தொடங்கியது 2004 ஆகஸ்ட் 13 இரவு, ஹாஸ்டல் டிவி அறையில். ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. நாடு நாடாக வீரர்கள் நடந்து வருகிறார்கள், பின்னால் ஓடுவது அணிவகுப்பு பேண்ட் இல்லை, டிரான்ஸ் என்கிற மின்னணு நடன இசை. அப்போதுதான் திரையில் ஒரு மனிதரைக் காட்டினார்கள், ஹெட்போனை ஒரு காதில் மட்டும் இடுக்கிக்கொண்டு நின்றார். அந்த டச்சுக்காரர்தான் ஒலிம்பிக் தொடக்க விழாவில் நேரலையில் வாசித்த முதல் டிஜே என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று தெரிந்தது ஒன்றே ஒன்று: விளையாட்டு எதுவும் தொடங்கவே இல்லை, எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

இன்று அந்தக் காலத்து செட் ஒன்றை முழுதாகக் கேட்டேன். அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பரின் அடாஜியோவை எடுத்து அவர் செய்த டிரான்ஸ் வடிவம் இப்போதும் வேலை செய்கிறது, வெட்கமே இல்லாமல் உருகினேன். அப்புறம் போட்ட 2010-க்குப் பிந்தைய செட்தான் சங்கடம். எல்லாம் சரியாக இருக்கிறது, எதுவும் ஒட்டவில்லை. ஒவ்வொரு மூன்று நிமிடத்துக்கும் ஒரு பில்டப் (இசை ஏறிக்கொண்டே போவது), ஒரு டிராப் (அடி சட்டென்று இறங்குவது), கையைத் தூக்கு. ஒரே மனிதரை இரண்டாக வெட்டி, முன்பாதியை மட்டும் பட்டியலில் சேர்க்கலாமா? என் பட்டியல்தானே, வெட்டிவிட்டேன்.

ஜனவரி 8, புதன்

அக்கா மகள் சாட்சி கொண்டுவந்துவிட்டாள். டிஜே மேக் பத்திரிகையின் டாப் 100, உலகமே ஓட்டுப் போடுகிறது, 2024-ல் முதலிடம் காரிக்ஸ், ஐந்தாவது முறை, ஆர்மினின் ஐந்தைத் தொட்டுவிட்டார், இதற்கு மேல் என்ன வேண்டும் என்கிறாள்.

உட்கார்ந்து எண்ணினேன். 1997-ல் கார்ல் காக்ஸில் தொடங்கி 2024 வரை 28 முதலிடங்கள். அதில் 15 நெதர்லாந்துக்கு: டியெஸ்டோ 3, ஆர்மின் 5, ஹார்ட்வெல் 2, காரிக்ஸ் 5. நம் மாநிலத்தில் நான்கில் ஒரு பங்கு ஜனத்தொகைகூட இல்லாத நாடு! சின்ன நாடு, பெரிய அரங்குகள், விழா நடத்தத் தெரிந்த ஆட்கள், இசையை ஒரு தொழிலாகவே வளர்த்துவிட்டார்கள். ஆனால் இந்த 28-ல் ஒரு பெண்கூட முதலிடம் வந்ததில்லை. டிட்ராய்ட், சிகாகோ ஆட்கள் ஒருவர்கூட இல்லை. டெக்னோ, ஹவுஸ் என்கிற நடன இசை வகைகள் முறையே பிறந்த ஊர்கள். இது யார் நன்றாக வாசிக்கிறார்கள் என்கிற தேர்வு இல்லை, யாருக்கு அதிக ரசிகர்கள், யார் நன்றாக ஓட்டுக் கேட்டார்கள் என்கிற தேர்தல். தேர்தல் தவறென்று சொல்லவில்லை. தேர்தலில் ஜெயித்தவரிடம் யாரும் தவில் வாசிக்கச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் காரிக்ஸைக் குறைத்துப் பேச மனமில்லை. அவருடைய 'அனிமல்ஸ்' பாட்டு வெளியானபோது பையனுக்கு 17 வயது. 2018 குளிர்கால ஒலிம்பிக் நிறைவு விழாவில் வாசித்தார். அவளுக்கு அது, எனக்கு ஏதென்ஸ். இதை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் ஜெயித்துவிட்டதாக நினைப்பாள்.

ஜனவரி 10, வெள்ளி

இன்று ஒரு விபரீதம். ரிசப்ஷன்களுக்கு டிஜே வைக்கும் நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். மூலையில் போர்வை போர்த்திய பழைய டெக்னிக்ஸ் 1200 டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) இரண்டு. "ஒரு தடவை பீட் சேர்த்துப் பாருடா" என்றான். இரண்டு ரெக்கார்டின் தாளத்தையும் ஒன்றாக ஓடவைக்க வேண்டும். இருபது வருடமாகக் கேட்கிறவன், முடியாதா என்ன.

ஒரு ரெக்கார்ட் நிமிடத்துக்கு 126 அடி, இன்னொன்று 128. பக்கத்தில் இருக்கிற, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பிட்ச் ஸ்லைடரை ஒன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே தள்ள வேண்டும், எட்டு சதவீதம் வரை இடம் உண்டு. கணக்கு சுலபம். ஆனால் ஒரு காதில் ஓடுகிற பாட்டு, மறு காதில் வரப்போகிற பாட்டு, விரல் நுனியில் தட்டைத் தொட்டுத் தள்ளுவதா பிடிப்பதா என்று முடிவெடுப்பதற்குள் இரண்டு பாட்டின் கிக் டிரம் அடியும் விலகி, தார்ரோட்டில் குதிரை ஓடுகிற மாதிரி டக்கடக் டக்கடக். இருபது நொடி தாங்கவில்லை. நண்பனின் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா, மிக்ஸியில எதுவும் மாட்டிக்கிச்சா?" என்றார்.

வீட்டுக்கு வந்து கார்ல் காக்ஸைப் போட்டேன். ஓல்டமில் பிறந்தவர், பெற்றோர் பார்படோஸிலிருந்து வந்தவர்கள். எண்பதுகளின் கடைசியில் இங்கிலாந்தின் ரேவ் எனப்படும் விடிய விடிய ஆடும் கூட்டங்களில் மூன்று டர்ன்டேபிளில் ஒரே நேரத்தில் வாசித்துப் பெயர் எடுத்தார். மூன்று! எனக்கு இரண்டே குதிரையாகிவிட்டது. அவருக்கு மூன்றாவது தட்டு வித்தை இல்லை, ஒன்றில் அடி, ஒன்றில் பாஸ், ஒன்றில் ஏதோ ஒரு பெண் குரல் துணுக்கு, மூன்றும் சேர்ந்து எந்தக் கடையிலும் கிடைக்காத நான்காவது பாட்டு ஒன்று வருகிறது. நடுவில் மைக்கில் "ஓ யெஸ், ஓ யெஸ்!" என்று ஒரு சிரிப்பு. ஸ்பெயினின் இபிசா தீவிலிருந்த ஸ்பேஸ் கிளப்பில் 15 சீசன், 2016-ல் அந்த இடம் மூடும்வரை. ஒரே இடத்தில், வாராவாரம், சலிக்காமல். இனி இவரை ஒன்பதாம் இடத்தில் வைத்தால் நான் மனுஷனே இல்லை.

ஜனவரி 11, சனி

டிட்ராய்ட்டின் டெக்னோ டிஜே ஜெஃப் மில்ஸ், டோக்கியோவின் லிக்விட் ரூம் கிளப், 1995 அக்டோபர். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், முப்பதுக்கும் மேற்பட்ட ரெக்கார்டுகள். சில ஒரு நிமிடம்கூட ஓடுவதில்லை. ஊசி தாவுகிறது, சில இடத்தில் சேர்ப்பு பிசிறடிக்கிறது, அவர் நிற்பதே இல்லை. நேற்று இருபது நொடி வாசித்தவன் என்கிற தகுதியில் சொல்கிறேன், அந்தப் பிசிறுகள்தான் எனக்கு மிகப் பிடித்தவை. மேலே வெறுங்கயிற்றில் ஒருவர் நடக்கிறார் என்பது அப்போதுதான் தெரிகிறது. இன்று சிங்க் பட்டனை அழுத்தினால் மெஷினே சேர்த்துக் கொடுக்கும், யாரும் விழமாட்டார்கள், யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கவும் மாட்டார்கள். பட்டனைத் திட்டவில்லை. சேர்க்கிற வேலை போனால் அடுத்து என்ன போடுவது என்று யோசிக்க நேரம் கிடைக்கும். யோசிக்கிறவர்களுக்கு.

ஜனவரி 13, திங்கள், போகி

ஐந்து மணிக்கே தெருப்பிள்ளைகள் போகி மேளம். குச்சியால் அடிக்கிற அடி நிமிடத்துக்கு 140 இருக்கும், நேராக டெக்னோ. தூக்கம் போனது, சரி, சார்லட் டி விட்டைக் கேட்போம் என்று எழுந்தேன்.

பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துப் பெண், 1992-ல் பிறந்தவர். தொடக்கத்தில் ரேவிங் ஜார்ஜ் என்று ஆண் பெயரில் வாசித்தார், பெண் என்று தெரிந்தால் இசையைக் கேட்கும் முன்பே முடிவெடுத்துவிடுவார்கள் என்பதால். 2022-ல் டுமாரோலேண்ட் இசை விழாவின் பிரதான மேடையை நிறைவு செய்த முதல் பெண் அவர்தான், வாசித்தது அந்த மேடைக்குப் பழக்கமில்லாத கறுப்பு டெக்னோ. கஞ்சத்தனமாக வாசிக்கிறார், அதுதான் அழகு. ஒரு ஹை-ஹேட்டை (டிரம்மின் சிறு தாளத் தட்டு ஒலியை) ஆறு நிமிடம் தராமல் வைத்திருந்து, பிறகு தருகிறார். தரும்போது சம்பளம் வந்த மாதிரி இருக்கிறது.

பிரிட்டிஷ் ஜோடி டிஜேக்கள் சாஷா, டிக்வீட் இருவரையும் இன்றே கேட்டு முடித்தேன். 1996-ல் வந்த 'நார்தர்ன் எக்ஸ்போஷர்' மிக்ஸ் ஆல்பம். நியூயார்க்கின் ட்விலோவில் மாதம் ஒரு இரவு இருவருமாக விடிய விடிய வாசிப்பார்களாம், 2001-ல் அந்தக் கிளப்பே மூடப்பட்டது. இந்த வகைக்கு அவசரமே கிடையாது. ராக ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இது எளிதில் பிடிபடும் என்பது என் கட்சி.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

எல்லாரும் அக்கா வீட்டில். சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில் விசாரணை. அவள் நேரே விஷயத்துக்கு வந்தாள்: "அவிச்சி எங்க மாமா?"

சொல்லிப் பார்த்தேன். 'லெவல்ஸ்' (2011) மாதிரி ஒரு மெட்டு இன்னும் யாருக்கும் வரவில்லை, 1962-ல் எட்டா ஜேம்ஸ் பாடிய ஒரு வரியை எடுத்து அதன் நடுவில் வைத்த இடம் இன்றும் உடம்பை உலுக்குகிறது. 2013-ல் மயாமியின் அல்ட்ரா இசை விழா மேடைக்கு நாட்டுப்புறப் பாட்டுக்காரர்களைக் கொண்டுவந்தபோது கூட்டம் முகம் சுளித்தது, சில மாதத்தில் அதே 'வேக் மீ அப்' உலகம் முழுக்க ஒலித்தது. அதெல்லாம் இசையமைப்பாளரின் வெற்றி. டிஜே வேலை, ஊர் ஊராகப் போய் இரவிரவாக நிற்கிற அந்த வேலை, அந்தப் பையனை வாட்டியது. 2016-ல் மேடையே வேண்டாமென்று நிறுத்தினார். 2018 ஏப்ரல் 20-ல், மஸ்கட்டில், 28 வயதில் போய்விட்டார். அவரே விட்டுவிட்டுப் போன வேலையின் பட்டியலில் நான் எப்படி அவரை நிற்கவைப்பேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப தனியா ஒரு லிஸ்ட் போடுங்க" என்றாள். டாஃப்ட் பங்க்கும் டெட்மவுஸும் அந்த லிஸ்டுக்கே போகட்டும். டெட்மவுஸ் 2012-லேயே, பெரிய மேடைகளில் நாங்கள் எல்லோரும் பிளே பட்டனைத்தான் அழுத்துகிறோம் என்று எழுதிவிட்டார், என்னைவிட அவருக்குத் தெரியும். 'ஸ்ட்ரோப்' பாட்டைச் செய்தவர் எதை அழுத்தினாலும் எனக்குச் சம்மதம்.

பேச்சு எங்கோ போய், சரண்ஜித் சிங்கை எடுத்துப் போட்டேன். பம்பாய் சினிமா இசைக்குழுவில் வாசித்தவர், 1982-ல் ரோலண்டின் 808 டிரம் மெஷின், 303 பாஸ் சிந்தசைசர் இரண்டையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டாக்கினார். சிகாகோவில் அதே 303 ஒலியை வைத்து ஆசிட் ஹவுஸ் என்கிற இசை வந்தது அதற்குச் சில வருடம் கழித்துத்தான். அப்போது இங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, 2010-ல் மறுவெளியீடு வந்த பிறகு உலகமே வாய் பிளந்தது. மால்கௌன்ஸ் ஓடும்போது அக்கா துணி மடித்தபடியே, "இது ஹிந்தோளம்டா" என்றாள். எட்டு வருடம் பாட்டு கற்றவள். டிஜே இல்லைதான், பட்டியலில் வரமாட்டார். மாடியில் மூன்று பேரும் வேறு பேச்சில்லாமல் கடைசிவரை கேட்டோம்.

ஜனவரி 19, ஞாயிறு

அனுப்பிவிட்டேன்.

படையல் போட்ட பிறகுதான் பந்தி, அதனால் எண் இல்லாமல் முதலில் ஃப்ராங்கி நக்கிள்ஸ். சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் 1977 முதல் 1982 வரை, பெரும்பாலும் கறுப்பின, தன்பால் ஈர்ப்புள்ள இளைஞர்கள் கூடிய இடத்தில், டிஸ்கோ செத்துவிட்டது என்று வெளியே ஊர் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, டேப்பை வெட்டி ஒட்டிப் பாட்டுகளை நீட்டி நீட்டி ஆடவைத்தவர். ஹவுஸ் என்கிற பெயரே அந்த வேர்ஹவுஸின் வால்தான். 2004-ல் அந்தத் தெருவின் ஒரு பகுதிக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2014-ல் மறைந்தார்.

ஒன்று, கார்ல் காக்ஸ். இரண்டு, ஜெஃப் மில்ஸ். வெள்ளிக்கிழமை வந்து கேட்டால் இடம் மாறலாம். மூன்றில் சாஷாவும் டிக்வீட்டும், ஆமாம், ஒரு இலையில் இரண்டு பேர். நான்கு சார்லட். ஐந்து எரிக் பிரிட்ஸ்: விமானம் என்றால் பயப்படுகிற மனிதர், 'ஓபஸ்' என்று ஒரு பாட்டில் ஒரே சுரக்கோவையை நிமிடக்கணக்கில் மெல்ல மெல்ல வேகமேற்றி நம்மைப் பறக்கவிடுகிறார். ஆறு ஆர்மின், சட்டம் படித்தவர், 2001-லிருந்து வாராவாரம் இரண்டு மணி நேர வானொலி நிகழ்ச்சி, அந்த ஒழுக்கத்துக்கே ஒரு இடம். ஏழு, டியெஸ்டோவின் முன்பாதி. எட்டு, 2002-ல் பிரைட்டன் கடற்கரையில் அறுபதாயிரம் பேருக்கு ஏற்பாடு செய்து இரண்டரை லட்சம் பேர் வந்து குவிந்த அந்த ஃபேட்பாய் ஸ்லிம். செட் பிரமாதமில்லை, ஆனால் சிரிக்காமல் கேட்க முடியவில்லை. ஒன்பது மார்ட்டின் காரிக்ஸ். பத்தாம் இடத்தை நீயே நிரப்பு, ஆனால் முழு செட் கேட்டுவிட்டு நிரப்பு என்று எழுதினேன்.

இரவு பதினொன்றரைக்குப் பதில்: "மாமா, மில்ஸ் கேட்டேன். பதினஞ்சாவது நிமிஷத்துல ஏதோ தப்பு பண்றார் இல்ல? மறுபடி மறுபடி போட்டுக் கேட்டுட்டு இருக்கேன்."

நாளைக்குக் காலேஜ் இருக்கிறது, தூங்கு என்று அனுப்பிவிட்டு, ஹெட்போனைத் தேடி எடுத்தேன்.