கொல்லிமலைக்குப் போகும் முன் பைக் சீட்டைக் கவனியுங்கள்: மீட்டியார் 350

காரவள்ளிப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் இடுப்பு வலி இல்லாமல் முடிந்தன, பின்னால் உட்கார்ந்தவருக்கும் சேர்த்து! ஆகாய கங்கை அருவி, செம்மேட்டுச் சாப்பாடு எல்லாம் அப்புறம். முதலில் சீட்.

வண்டி ராயல் என்ஃபீல்டின் மீட்டியார் 350, அதில் ஃபயர்பால் வகை. 2020-இல் அறிமுகமானபோது மற்ற இரு வகைகளான ஸ்டெல்லருக்கும் சூப்பர்நோவாவுக்கும் பேக்ரெஸ்ட் (பின்னால் உட்காருபவரின் முதுகுத் தாங்கி) உண்டு; ஃபயர்பாலுக்குக் கிடையாது. காலை முன்னால் நீட்டி ஓட்டுவதால் எடை தொடைக்குப் போகாமல் வால் எலும்பிலேயே இறங்கும். ஃபோம் மென்மையாக இருந்தால் உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் அமுங்கி அடித்தட்டு குத்தத் தொடங்கும்.

சீட்டை மாற்றியமைக்கச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு வண்டிக் கடைகளில் விசாரித்தால் "ஜெல் போட்டுக்கலாம் சார்" என்பார்கள். வேண்டவே வேண்டாம். வெயிலில் நின்ற வண்டியில் ஜெல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காசும் கூட. அடியில் கெட்டியான ரீபாண்டட் ஃபோம் (ஃபோம் துண்டுகளை ஒட்டி அழுத்திச் செய்தது), மேலே ஓர் அங்குலத்துக்கு மிகாத மென்மையான ஃபோம் போதும். இரண்டையும் ஒட்டும் பசையை ஓரங்களில் மட்டும் தடவச் சொல்லுங்கள். நடுவில் காய்ந்தால் கட்டியாகி உறுத்தும்.

கடையில் விரலால் அமுக்கிப் பார்த்து மயங்கி விடுகிறோம். நெடுந்தூரத்தில் காப்பாற்றுவது மென்மை அல்ல, வடிவம்தான். சீட் முன்பக்கம் சரிந்திருந்தால், மலையிறக்கத்தில் ஒவ்வொரு பிரேக்குக்கும் உடம்பு டேங்கில் போய் முட்டும். உட்காரும் இடம் மட்டமாகவும் அகலமாகவும், பின்விளிம்பு சற்றே எழும்பியும் இருக்கட்டும். டேங்கை ஒட்டிய மூக்கைக் குறுக்க வேண்டும். உயரம் 765 மி.மீ. தான் என்றாலும் மூக்கு அகன்றால் கால் தரையில் ஊன்றாது. உறை மாட்டும் முன்பே, செதுக்கிய ஃபோமில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அதற்கு அவகாசம் தராத கடை வேண்டாம்.

தையல் உட்காரும் பரப்பில் வந்தால் மழைநீர் ஊசித்துளை வழியாக இறங்கி ஃபோம் ஊறிவிடும். தையலைப் பக்கவாட்டில் வைத்து, உறைக்கு அடியில் பாலிதீன் தாள் போடுங்கள். ஸ்டேபிள் பின் அடித்தட்டின் கனத்தைவிட நீளமாக இருக்கக் கூடாது.

'செட்' விலை என்று மொத்தமாகச் சொன்னால் ஏமாற்றுதான். 6,500 ரூபாய் என்றதை ஃபோம், உறை, கூலி, பேக்ரெஸ்ட் என்று பிரித்துக் கேட்டதும் 4,800-க்கு இறங்கியது! அசல் சீட்டைக் கிழிக்காமல், பழைய உதிரிபாகங்கள் கிடைக்கும் புதுப்பேட்டையில் பழைய சீட் ஒன்று தேடி அதன் அடித்தட்டில் வேலை செய்வது இன்னும் நல்லது.

பேக்ரெஸ்டுக்காகச் சேஸியில் வெல்டிங் வைக்கவே கூடாது. பின் கைப்பிடியின் போல்ட்டுகளிலேயே தகடு வைத்துப் பொருத்தலாம். தகட்டின் கனத்துக்குத் தக்க நீளமான போல்ட் வேண்டும்; அளவுக்கு மீறினால், பள்ளத்தில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது டயரில் உரசக்கூடும். குழாயும் தகடும் சேரும் மூலையில் முக்கோணத் தாங்கு இல்லையென்றால் அதிர்வில் அங்கேதான் விரிசல் விடும். மெத்தை கீழ்முதுகைத் தாங்கி, கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கட்டும். ஒருபக்கமாக உட்காருபவருக்கு இது பயன்படாது. பையையும் இதில் கட்டித் தொங்கவிடாதீர்கள்.

போல்ட் கழலாமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் போட்டிருந்தாலும் முதல் 100 கி.மீ.க்குப் பிறகு போல்ட்டுகளைச் சோதியுங்கள். காரவள்ளியில் ஏறத் தொடங்கும் முன் இன்னொரு முறை: ஏற்றத்தில் பின்னால் சாயும் எடையை அவைதான் தாங்க வேண்டும்.